கூடை கேட்ட விலை

துறையின் மீன் ஏலக்கூடத்தில் ஒருத்தி சிஷ்யையாகச் சேர்ந்தாள். சிஷ்யைக்கு வயது நாற்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்துநான்கு. குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவாள். சிஷ்யை குருவை ஏலக்காரம்மா என்பாள். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

குருவின் பெயர் பூங்காவனம். படகுகள் கொண்டுவந்து கொட்டும் மீனைக் குவியல் குவியலாகப் பிரித்து, விடிந்ததும் ஏலம் கூறுவது அவள் வேலை. கூறும்போது அவள் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். மற்ற நேரத்தில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சிஷ்யையின் பெயர் தையல்நாயகி. பிறந்த ஊர் நாணல்குடி. கடலிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் உள்ளே, நாலு பக்கமும் வயல். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்குத் தெரியாமல் சித்திரவேல் என்ற கடலோடியைக் கட்டிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஊர் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. துறையிலோ அவளுக்கு இன்னமும் வயக்காட்டுக்காரி என்றுதான் பெயர்.

போன வருஷம் வலை இழுக்கும் கயிற்றில் சிக்கிச் சித்திரவேலின் வலது தோள் போயிற்று. அவன் சமையலைப் பார்த்துக்கொண்டான், இவள் கூடையைத் தூக்கினாள். ஏலத்தில் வாங்கத் தெரியாததால், வாங்கியவர்களிடம் கேட்டு வாங்கித் தெருத்தெருவாக விற்றாள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் அவளுக்கென்று ஒன்றும் தேறவில்லை.

அண்ணன் கோவிந்தராசு மட்டும் எப்போதாவது போன் பண்ணுவார். அன்றைக்கும் பண்ணினார்.

"திருப்பூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையல் வேல சொல்லி வெச்சிருக்கேன். தங்குற எடமும் அங்கயே. ஊர்ல தீமிதிக்குக் காப்புக் கட்டியாச்சி. அவுக்குற வரைக்கும் நான் எல்லையத் தாண்ட முடியாது. அடுத்த செவ்வாக்கெழம அவுப்பாங்க. வியாழக்கெழம காலையில வந்து ஒன்ன பஸ் ஏத்தி விடுறேன்."

"அவரு?"

"மாசாமாசம் பணம் அனுப்பு. வேற வழி இருந்தா நீயே சொல்லு."

வேறு வழியைத் தேடித்தான் அவள் பூங்காவனத்திடம் வந்தாள்.

"மீன் வெல எங்கேருந்து வருது ஏலக்காரம்மா? அது மட்டும் தெரிஞ்சா நான் இங்கயே பொழச்சிக்குவேன். வியாழக்கெழம வரைக்குந்தான் எனக்கு நேரம்."

"எனக்குத் தெரியாது அக்கா."

"தெனமும் நீங்கதான வெல சொல்றீங்க?"

"நான் கத்துறவ. சொல்றது வேற ஆளு."

"யாரு அது?"

பூங்காவனம் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளையிலேருந்து ஏலத்துக்கு வா. மீனுக்கு முதுகக் காட்டி நில்லு. மீனப் பாக்காத. கூடை மட்டும் இடுப்ப விட்டு எறங்கக் கூடாது."

கூடை விஷயத்தில் அந்த ஏலக்கூடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாயால் கேட்கிற விலைக்கு மேல் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஒரு ஆள் குவியலுக்குப் பக்கத்தில் கூடையைக் கீழே வைத்துவிட்டால், கடைசியாகக் கூறிய விலைக்கு மேல் கிலோவுக்குப் பத்து ரூபாய். அத்தோடு பேச்சு முடிந்தது, மீன் கூடைக்காரருக்கு. எத்தனை வலித்தாலும் அங்கே ஒருவரும் கூடையை இறக்கமாட்டார்கள். இடுப்பில் கூடையோடு தும்முகிறவர்களும் டீ குடிக்கிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் அங்கே சாதாரணம்.

தையல்நாயகி மீனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதல் நாள் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மீன் விலை கற்க வந்தவளை ரோட்டைப் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

"இன்னைக்கி என்ன பாத்த?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"ஒரு லாரி. ரெண்டு நாயி."

"நாயி தூங்குச்சா, முழிச்சிருந்துச்சா?"

"தூங்குச்சி."

"அப்ப நேத்து மீனு நெறைய."

இதற்குச் சிரிப்பதா, மனதில் வாங்கிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து கொஞ்சம் கவனமாகப் பார்த்தாள். லாரி ஒன்றா மூன்றா, கல்யாணச் சமையல்காரர் யாராவது வந்து நிற்கிறாரா, தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது, வெள்ளிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா. முதுகுக்குப் பின்னால் பூங்காவனத்தின் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்கும். ஏன் ஏறுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் லாரி அதிகம், விலை குறைவு. இன்னொரு நாள் லாரியே இல்லை, விலை உச்சத்தில். நாட்கள் ஓடின. பயம் வந்தது.

திங்களும் செவ்வாயும் காற்று. ஒரு படகும் போகவில்லை. புதன்கிழமை விடியற்காலையில்தான் முதல் படகு வந்தது. அதில் கானாங்கெளுத்தி மட்டும். பெரிதாக ஒரே குவியல், அறுபது கிலோவுக்குக் குறையாது.

லாரிக்கு மீன் பிடித்து அனுப்பும் ஏஜெண்டு திருமேனி வழக்கமாகக் கடைசியில்தான் வாய் திறப்பார். அன்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். இன்னொரு வியாபாரி கேட்க, இவர் ஏற்ற, விலை நூறைத் தாண்டி, நூற்று இருபதைத் தாண்டி மேலே மேலே போயிற்று.

இந்த மனிதருக்கு இன்றைக்கு என்ன அவசரம்? தையல்நாயகி ரோட்டில் நின்ற லாரியைப் பார்த்தாள். லாரியின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகக் காத்து நிற்கும் லாரி. உள்ளே ஐஸ் கரைகிறது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் லாரியை வெறுமனே திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் திருமேனி விழுந்து விழுந்து கேட்கிறார்!

வந்த நாளிலிருந்து முதன்முதலாக ஒரு விலை அவளுக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில், இத்தனை நாளாக வலித்த இடுப்புக்கு ஒரு ஆறுதலாக, கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

பின்னால் சத்தம் நின்றது.

"நூத்தியம்பதுக்கு மேல கூடை. நூத்தியறுவது. தையலு அக்காவுக்கு," என்றாள் பூங்காவனம்.

அவள் திரும்பினாள். கூடை குவியலின் ஓரத்தில் இருந்தது.

"ஐயோ, நான் கேக்கல ஏலக்காரம்மா! இடுப்பு வலிச்சி வெச்சேன்!"

"கூடை கேட்டுடுச்சி அக்கா."

"நீங்கதான மீனப் பாக்காதன்னு சொன்னீங்க?"

"கூடைய எறக்காதன்னும் சொன்னேன்."

சுற்றி நின்றவர்கள் அவரவர் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இவளுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாருக்கும் இடுப்பு வலிக்கும். தோட்டை விற்றுச் சேர்த்து வைத்திருந்த முதல் பணம் மொத்தத்தையும் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் தையல்நாயகி.

அரை மணி நேரம் கழித்து இன்னும் மூன்று படகுகள் வந்தன. மூன்றிலும் கானாங்கெளுத்தி. விலை நூற்றுப்பத்தில் தொடங்கித் தொண்ணூறில் வந்து படுத்துவிட்டது. திருமேனி லாரியை நிரப்பிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

"ஒன் கூடை மட்டும் இல்லன்னா நூத்தியம்பதுக்கோ நூத்தியறுவதுக்கோ நான் மாட்டியிருப்பேன் அக்கா. ஒனக்குப் புண்ணியம். எழுவதுன்னா ஒன் மீனையும் தூக்கிக்கிறேன். ஐஸ் கரையுறதுக்குள்ள சொல்லு."

எழுபதுக்குக் கொடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும். மறுநாள் வியாழக்கிழமை. திருப்பூர் பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வெட்கம் எல்லாம் பார்க்கவில்லை.

ஏலம் முடிந்து பூங்காவனம் வந்தாள். குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்து, படகு அணைகிற கல்படியில் வைத்தாள்.

"இங்க இது என்ன வெல?"

"தொண்ணூறு."

பூங்காவனம் அதே மீனை எடுத்துக்கொண்டு நடந்தாள். தையல்நாயகி பின்னாலேயே போனாள். ஏலக்கூடத்து வாசலில், சில்லறைக்கு விற்கும் பெண்கள் உட்காரும் இடத்தில் மீனை வைத்தாள்.

"இங்க?"

"நூத்தி முப்பது."

"எத்தன அடி நடந்தோம்?"

"ஒரு நாப்பது இருக்கும்."

"மீனு மாறிடுச்சா?"

"இல்ல."

பூங்காவனம் மீனை அவள் கையில் கொடுத்தாள்.

"நூத்தியறுவதுக்கு மேல விக்கணும்னா இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"அது எனக்குத் தெரியாது அக்கா. நான் இந்த வாசலத் தாண்டி மீன் வித்ததில்ல. அந்தப் பக்கத்துல யாரு நாக்கு காஞ்சி கெடக்காங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

தையல்நாயகி மீனும் கையுமாக வாசலில் நின்றாள். ரோடு மேற்கே போயிற்று. நாக்கு காய்ந்து கிடப்பவர்கள். காப்புக் கட்டினால் ஊரில் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றமாட்டார்கள். பத்து நாள். நேற்றுச் சாயங்காலம் அவிழ்த்திருப்பார்கள். நேற்று செவ்வாய்க்கிழமை, கவுச்சி ஆகாத நாள். ராத்திரியும் ஒருவரும் மீன் சமைத்திருக்கமாட்டார்கள். இன்றைக்குப் புதன்.

அது அவளுக்குத் தெரியும். இந்த ஏலக்கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த ஊருக்கு எந்த முகத்தோடு போவது? மீன்காரனோடு ஓடிப்போனவள், இருபத்தாறு வருஷம் கழித்து மீன் கூடையோடு போய் நிற்பதா?

வீட்டுக்குப் போய்ச் சித்திரவேலிடம் சொன்னாள். அவன் அடுப்பை அணைத்தான்.

"நானும் வரேன்."

"நீ எதுக்கு? பாக்குறவன் நாலு பேசுவான்."

"பேசட்டும். தராசு புடிக்க எடது கை போதும்."

விற்ற பிறகு பணம் தருவதாகச் சொல்லி ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, ஐஸ் உடைத்துப் போட்டு ஏற்றினார்கள். ஐஸ்காரரும் வண்டிக்காரரும் தங்கள் பங்குக்கு விலையை ஏற்றினார்கள். இதுவும் மீன் விலையில்தான் சேரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாணல்குடி எல்லையில் வேப்பிலைத் தோரணம் வாடித் தொங்கியது. தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்த கறை. வண்டி நின்றது. துறையில் தெருத்தெருவாகக் கூவி விற்றவளுக்கு இங்கே வாய் திறக்க வரவில்லை.

சித்திரவேல் இறங்கினான். நடுக்கடலில் இன்னொரு படகைக் கூப்பிடும் குரலில் கத்தினான்.

"கானாங்கெளுத்தேய்!"

முதல் கதவு திறந்தது. அவள் அம்மாவின் தங்கை முறையான சின்னம்மா. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரு, தையலா?"

"ஆமா சின்னம்மா."

இருபத்தாறு வருஷத்துக்கு என்ன கேட்கப் போகிறாளோ என்று தையல்நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிலோ என்னடி?"

"எரநூறு."

"அடி ஆத்தி! கொள்ளையா இருக்கே. பத்து நாளா ரசமும் தொவையலுமா நாக்கு செத்துக் கெடக்குன்னு தெரிஞ்சேதான் வந்திருக்க. ரெண்டு கிலோ போடு." பிறகு தராசு பிடித்து நின்றவனைப் பார்த்தாள். "யாரு, மாப்பிள்ளையா? ஏன் வெயில்ல நிக்கிறாரு? அந்த நாற்காலிய எடுத்துப் போடுங்கடி."

சித்திரவேல் உட்காரவில்லை. வலது தோளை மறைத்துக்கொண்டு சிரித்தான். அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி மீனை அள்ளினாள்.

அதன் பிறகு சட்டியும் பாத்திரமுமாகத் தெரு கூடிவிட்டது. பத்து மணிக்குள் ஐஸ்தண்ணீர்தான் மிச்சம்.

"நாளைக்கும் வருவியா?" என்றாள் ஒருத்தி. "தெக்குத்தெரு மாரியம்மனுக்கு இன்னைக்கிச் சாயங்காலந்தான் காப்பு அவுக்குறாங்க. நாளைக்கி அங்க மீனு தேடுவாங்க."

கோவிந்தராசு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தங்கையையும் மைத்துனரையும் காலியான பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த மூன்று மீனை அவள் நீட்டினாள்.

"டிக்கெட் எடுத்துட்டேன் தையலு. காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"வாண்ணே."

"ஒரு நாளு வித்துப்புட்டா ஆச்சா? நாளைக்கி என்ன வெலைக்கு வாங்குவ, யாரு வாங்குவா, ஒனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. அவர் மீனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது கொழம்புக்கா, வறுக்கவா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் ஆவும்ணே."

வியாழக்கிழமை விடியற்காலை ஏலக்கூடத்தில் நல்ல கூட்டம். கோவிந்தராசு சொன்னபடியே வந்து வாசலில் நின்றார். கையில் டிக்கெட். மூக்கில் துண்டு.

நாலு படகு. நேற்று போலவே கானாங்கெளுத்தி. பூங்காவனம் முதல் குவியலுக்குத் தொண்ணூறில் தொடங்கினாள். நேற்று அந்த விலைக்கு மேல் கேட்க ஆளில்லை. இன்று மூலையில் நின்ற கூடைக்காரி ஒருத்தி தொண்ணூற்றைந்து என்றாள். இன்னொருத்தி நூறு என்றாள். திருமேனி நூற்றுப்பத்து. மறுபடி ஒரு பெண் குரல். திருமேனி நூற்றிருபது.

தையல்நாயகி இன்றும் முதுகைக் காட்டித்தான் நின்றாள். ரோட்டில் ஒரே லாரி. ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. காற்றும் இல்லை. பின்னே ஏன் ஏறுகிறது? ஏலத்தின் நடுவில் பேசக் கூடாது என்பதையும் மறந்து திரும்பினாள்.

"ஏலக்காரம்மா, நேத்து தொண்ணூறுக்குப் படுத்த மீனு. இன்னைக்கிக் கடல்ல கொறஞ்சிடுச்சா?"

பூங்காவனம் அவளைப் பார்க்கவில்லை. "நூத்தி இருவது, நூத்தி இருவது" என்று கூறிக்கொண்டிருந்தாள்.

"லாரி ஒண்ணுதான் நிக்கிது. ஐஸும் கரையல. பின்ன யாரு ஏத்துறா?"

"நூத்தி இருவது ஒருதரம்."

மூலையில் நின்ற பெண்கள் தையல்நாயகியையே பார்த்தார்கள். நேற்று அவள் காலிப் பெட்டியோடு திரும்பி வந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

"நூத்தி இருவது ரெண்டுதரம்."

கடைசி விலை திருமேனியுடையது. அவருக்கு அவசரம் இல்லை. வாசலில் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தையல்நாயகிக்கு மஞ்சள் கறை படிந்த ஒரு தெரு நினைவுக்கு வந்தது. தெக்குத்தெரு. சின்ன வயதில் அவள் கோலிக்குண்டு விளையாடிய தெரு. அங்கே இந்நேரம் அம்மியில் மிளகாய் அரைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் இடுப்பிலிருந்து கூடையை எடுத்தாள். இந்த முறை குவியலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, அதன் பக்கத்தில் வைத்தாள்.

வாசலில் கோவிந்தராசு டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"கூடை. நூத்தி முப்பது," என்று கூவி முடித்தாள் பூங்காவனம். பிறகு குரலை இறக்கி, சிஷ்யையைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னமோ கேட்டியே அக்கா, யாரு ஏத்துறான்னு?"